சைனஸ் ஆபரேஷனுக்குப் பிறகு: மூக்கு ஆறும் ஆறு வாரம்

சைனஸ் ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெளியே வெட்டுக்காயம் இல்லை, முகத்தில் கட்டு இல்லை. பார்க்க வருகிறவர்கள் "ஆளு நல்லாத்தானே இருக்கே" என்று சொல்லி ஆப்பிளைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வீட்டாரும் மூன்றாம் நாளே கடைக்கு அனுப்பப் பார்ப்பார்கள். காயம் முழுக்க உள்ளே இருப்பதால் வரும் வினை இது. மூக்குக்குள் கண்ணாடியால் பார்த்தால் அது நன்றாக உரசி விழுந்த முழங்கால் மாதிரிதான் இருக்கும். முழங்கால் காற்றில் காய்ந்து தானாக ஆறிவிடும். மூக்குக்குள் காய்ந்தால் ஆறாது, ஒட்டிக்கொள்ளும்.

இங்கே சொல்வது மூன்று ஆபரேஷன்களுக்குப் பொருந்தும்: எண்டோஸ்கோப் (உள்ளே பார்க்க உதவும், விளக்குள்ள மெல்லிய குழாய்) வழியாகச் செய்யும் சைனஸ் ஆபரேஷன், மூக்கின் நடுத்தண்டு வளைவை நேராக்குவது, பக்கவாட்டில் வீங்கிய சதையைக் குறைப்பது. பலருக்கு மூன்றும் ஒரே மயக்கத்தில் சேர்த்தே நடக்கும். கருப்புப் பூஞ்சைக்காகச் செய்த ஆபரேஷனுக்கும், மூக்கின் வெளித்தோற்றத்தை மாற்றும் ஆபரேஷனுக்கும் கவனிப்பு வேறு. அவற்றைச் செய்துகொண்டவர்கள் இதை வைத்து நடக்க வேண்டாம். உங்கள் இ.என்.டி. டாக்டர் எழுதித் தந்தது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னதையே கேளுங்கள். உங்கள் மூக்குக்குள் பார்த்தவர் அவர்.

இன்னொன்று. வீட்டுப் பெரியவர்கள் "பல்லுக்கு மேலே கிழிச்சு சைனஸைச் சுரண்டுவாங்க, முகமே வீங்கிப் போகும்" என்று பழைய கதை சொல்வார்கள். அது உண்மையில் இருந்த முறைதான். இப்போது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப் மூக்குத் துவாரம் வழியாகவே போய்விடுகிறது. அந்தக் கதையைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

கன்னத்திலும் நெற்றியிலும் கண்களுக்கு நடுவிலும் இருக்கும் காற்றறைகள்தான் சைனஸ். ஒவ்வொன்றுக்கும் மூக்குக்குள் திறக்கும் ஒரு சின்ன வாசல் உண்டு. ஆபரேஷனில் அந்த வாசலை அகலப்படுத்தி, வழியை மறித்த மெல்லிய எலும்புத் தடுப்புகளையும் சதை வளர்ச்சியையும் எடுக்கிறார்கள்.

மூக்கின் உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடிகள் இருக்கின்றன. சளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைப் பக்கம் தள்ளுவது அவற்றின் வேலை. நாமும் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். கருவி பட்ட இடத்தில் இந்த முடிகள் பல வாரங்களுக்கு வேலை செய்யாது. ரத்தமும் சளியும் நின்ற இடத்திலேயே நின்று, காய்ந்து பொருக்காகிவிடும். பொருக்குக்கு அடியில் கிருமி வளரும். எதிரெதிரே இருக்கும் இரண்டு பச்சைப் புண்கள் தொட்டுக்கொண்டே இருந்தால் நடுவில் ஒரு தழும்புப் பாலம் வளர்ந்து இரண்டையும் ஒட்டிவிடும். சிரமப்பட்டுத் திறந்த வாசல் மறுபடி மூடிக்கொள்ளும். அதனால்தான் ஈரமும் சுத்தமும் இவ்வளவு முக்கியம். கீழே சொல்லும் பாதி விஷயங்கள் ஈரத்துக்காக. மீதிப் பாதி, மூக்குக்குள் அழுத்தம் ஏறாமல் இருப்பதற்காக.

முதல் மூன்று நாள்

மயக்கம் தெளிந்ததும் இரண்டு மூக்கும் கல் வைத்தாற்போல் அடைத்திருக்கும். உள்ளே பஞ்சு போன்ற பேக் வைத்திருக்கலாம். பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். தானாகக் கரையும் வகை வைத்திருந்தால் எடுக்க வேண்டியதில்லை. பிசுபிசுப்பான துண்டுகளாக ஒரு வாரம் பத்து நாள் வந்துகொண்டிருக்கும். நடுத்தண்டை நேராக்கியவர்களுக்கு இரு பக்கமும் மெல்லிய சிலிக்கான் தகடு வைத்துத் தைத்திருப்பார்கள். எது வைத்தார்கள், எப்போது எடுப்பார்கள் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தானாகக் கரைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, எடுக்க வேண்டிய பேக்கோடு யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு காஸ் துணியை மடித்து ஒட்டியிருப்பார்கள். அதில் சிவப்பும் இளஞ்சிவப்புமாக நீர் ஊறும். முதல் நாள் ஐந்தாறு தடவை மாற்ற வேண்டிவரும். மறுநாள் பாதியாகக் குறையும். காஸ், பேப்பர் பிளாஸ்டர் இரண்டையும் முன்னாலேயே வாங்கி வையுங்கள். மாற்றும்போது துணியின் நடுவில் எத்தனை பெரிய கறை என்று பாருங்கள். கறை ஒவ்வொரு தடவையும் சிறுத்து, நிறம் வெளுத்துக்கொண்டே போனால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

படுக்கும்போது தலை 30 முதல் 45 டிகிரி உயரத்தில் இருக்க வேண்டும். தலைக்கு மட்டும் மூன்று தலையணை வைத்தால் கழுத்து மடங்கி மறுநாள் கழுத்து வலிதான் மிஞ்சும். இடுப்பிலிருந்தே சரிவாக வருவதுபோல் கீழே ஒரு பெரிய தலையணை, அதன் மேல் ஒன்று, தலைக்கு ஒன்று என்று அடுக்குங்கள். சாய்வு நாற்காலி இருந்தால் அதுவே உத்தமம். முதல் வாரம் முழுக்க இப்படித்தான். மல்லாந்து தட்டையாகப் படுத்தால் முகத்துக்கு ரத்தம் ஏறி அடைப்பு கூடும், கசிவும் கூடும்.

வாயால் மூச்சு விடுவதால் உதடும் நாக்கும் வறண்டுபோகும். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின். ஏ.சி. காற்று அறையை வறட்டும். முடிந்தால் அதை விட்டுவிட்டு மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள்.

ரத்தம் கொஞ்சம் வயிற்றுக்குள் இறங்கியிருக்கும். அதனால் குமட்டலும், ஒரு தடவை பழைய ரத்தமாக வாந்தியும், அடுத்த நாள் கறுப்பாக மலமும் வரலாம். முதல் நாள் ஆறிய கஞ்சி, இட்லி, மோர் சாதம் போதும். சூடான சூப்பும் கொதிக்கும் காபியும் ஒரு வாரத்துக்கு வேண்டாம், வெதுவெதுப்பாகக் குடியுங்கள். தயிரும் வாழைப்பழமும் சளி பிடிக்கும் என்று யாராவது தட்டைப் பிடுங்கினால் கவலைப்படாமல் சாப்பிடுங்கள். இவை சைனஸைக் கெடுப்பதில்லை. மலச்சிக்கல்தான் இங்கே நிஜமான எதிரி: முக்கினால் மூக்கில் ரத்தம் வரும். பழம், கீரை, நிறையத் தண்ணீர், தேவைப்பட்டால் இரவு இசப்கோல்.

வலி பலர் பயப்படும் அளவுக்கு இருக்காது. தலைபாரமும் கண்ணுக்கு நடுவே அழுத்தமும்தான் பெரும் தொல்லை. பாராசிட்டமால் 650 மி.கி. ஒரு மாத்திரை, 6 மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போகாமல், பெரும்பாலோருக்குப் போதும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். டாக்டர் எழுதாமல் இரண்டு வாரம் தொடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் "தலைவலிக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால் கிடைக்கும் காம்பிஃப்ளாம் மாத்திரையில் பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபெனும் இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு விழுங்குங்கள். மூக்கில் சதை வளர்ச்சியோடு ஆஸ்துமாவும் உள்ளவர்கள் சிலருக்கு இந்த வகை வலி மாத்திரைகள் மூச்சுத்திணறலையே கிளப்பிவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற இதய நோயாளிகள், அதை எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்று எழுத்தில் வாங்குங்கள். தானாக நிறுத்தி வைப்பதும் ஆபத்து, தானாக ஆரம்பிப்பதும் ஆபத்து. பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடாதீர்கள். பிரஷர் ஏறினால் முதலில் கசிவது மூக்குதான். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் சர்க்கரை ஏறும். சர்க்கரை நோயாளிகள் வீட்டிலேயே தினமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை அடைப்பு இன்னும் மோசமாகும். ஆபரேஷன் பலிக்கவில்லையோ என்று மனம் உடைந்துபோகும் நாட்கள் இவைதான். உள்வீக்கம் உச்சத்துக்கு வருவதால் அப்படி இருக்கிறது. ஆறாம் ஏழாம் நாளிலிருந்து இறங்கும்.

மூக்கைச் சிந்தாதீர்கள்

இரண்டு வாரத்துக்கு மூக்கு சிந்தவே கூடாது. கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவே இருக்கும் எலும்பு காகிதம் போல மெல்லியது. அழுத்திச் சிந்தும்போது காற்று அங்கே புகுந்து கண்ணைச் சுற்றித் தோலுக்கு அடியில் சேர்ந்தால், கண் திடீரென வீங்கும்; தொட்டால் நொறுநொறுவென்று கேட்கும். ஆறத் தொடங்கிய ரத்தக் குழாயும் அதே அழுத்தத்தில் திறந்துகொள்ளலாம். சளி இறங்கினால் தொண்டைப் பக்கம் மெல்ல உறிஞ்சித் துப்புங்கள், அல்லது மூக்கு நுனியில் வருவதை மட்டும் துணியால் ஒற்றி எடுங்கள்.

தும்மல் வந்தால் அடக்காதீர்கள். வாயை நன்றாகத் திறந்து "ஆ" என்று வாய் வழியாக வெளியே விடுங்கள். கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்முவது மிக மோசமானது. மொத்த அழுத்தமும் உள்ளே திரும்பிவிடும். தும்மலை வரவழைப்பவற்றை வீட்டிலிருந்து விலக்குவது அதைவிட நல்லது. மிளகாய் வறுக்கும் நேரத்தில் அடுப்படிப் பக்கம் போகாதீர்கள். சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, ஒட்டடை அடிப்பது, சீயக்காய்த் தூள், பழைய புத்தக அலமாரி எல்லாவற்றிலிருந்தும் ஒரு மாதம் ஒதுங்கி இருங்கள். மூக்குப்பொடி போடும் பழக்கமும் சிகரெட்டும் இருந்தால், அவற்றை விடச் சரியான நேரம் இதுதான். புகை, ஆறும் உள்தோலை நேராகச் சுடுகிறது.

குனிவதும் பாரம் தூக்குவதும் அழுத்தத்தில் சேர்ந்தவைதான். இரண்டு வாரத்துக்கு 4 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். நிறைத்த தண்ணீர்க் குடம் ஒன்று சுமார் 15 கிலோ வரும். கேஸ் சிலிண்டர் 30 கிலோவை நெருங்கும். கைக்குழந்தையைக்கூட உட்கார்ந்த இடத்தில் மடியில் வாங்கிக்கொள்ளுங்கள், தரையிலிருந்து தூக்காதீர்கள். கோலம் போடுவது, குனிந்து பெருக்குவது, கீழே விழுந்து கும்பிடுவது, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைப்பது எல்லாம் அதே கணக்கு. நின்றோ உட்கார்ந்தோ செய்துகொள்ளலாம். செருப்பு மாட்டக்கூடக் குனியாமல் முழங்காலை மடக்கி உட்காருங்கள்.

கழுவுவது: பாதி வைத்தியம் இதில்தான்

பேக் இருந்தால் அதை எடுத்தபின், இல்லாவிட்டால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, உப்பு நீரால் மூக்கைக் கழுவச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை. மருந்துச் சீட்டில் மாத்திரைகளுக்கு அடியில் கடைசி வரியாக இது இருப்பதால் பலர் இதை உபரி வேலையாக நினைத்துவிடுகிறார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையை மணி தவறாமல் விழுங்கிவிட்டுக் கழுவுவதை விட்டுவிட்டால், ஏழாம் நாள் டாக்டர் உள்ளே பார்க்கும்போது கற்கண்டு மாதிரிப் பொருக்கு இறுகிக் கிடக்கும். அதைப் பெயர்த்து எடுக்கும்போதுதான் வலி தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் சமரசமே கூடாது. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடக் கூடாது. குடிக்க நல்ல தண்ணீர் வேறு, மூக்குக்கு நல்ல தண்ணீர் வேறு. நெக்லேரியா என்ற அமீபா வாய் வழியாக வயிற்றுக்குப் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கின் கூரையில் ஏறினால் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கே போய்விடும். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இரண்டு பேர் இதனால் இறந்தார்கள். 2024இல் கேரளத்தில் குளத்தில் குளித்த பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்ததும் இப்படிப்பட்ட அமீபாவால்தான். இது அரிதான நோய், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகச் சிலர். தடுக்கத் தேவைப்படுவது ஒரு அடுப்பும் ஒரு நிமிடமும்: தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம் கொதிக்க விட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் 3 நிமிடம். மூடி வைத்து ஆறவிட்டு, அன்றைக்குள் தீர்த்துவிடுங்கள்.

உப்பு நீருக்கு மூன்று வழி. எளிது, மருத்துவமனையில் டிரிப்புக்கு ஏற்றும் 0.9 சதவீத நார்மல் சலைன் 500 மி.லி. பாட்டில், மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கிடைக்கும். குளூக்கோஸ் கலந்த பாட்டிலைத் தவறிக் கொடுத்துவிடுவதும் உண்டு, அதனால் லேபிளைப் பாருங்கள். திறந்த பாட்டிலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டாவது, அளவாகப் பொட்டலம் கட்டிய பொடியும் அழுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலும் சேர்ந்த கிட். மூன்றாவது, வீட்டிலேயே கலப்பது: 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 9 கிராம் தூள் உப்பு, அதாவது தலைதட்டிய சின்ன ஸ்பூனால் ஒன்றரை, அதோடு அரை ஸ்பூன் ஆப்ப சோடா. சோடா எரிச்சலைக் குறைக்கும், சளியையும் இளக்கும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடக் கூடாது. பாக்கெட் உப்பில் அயோடினும் கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருப்பதால் சிலருக்குச் சற்று உறுத்தும், ஆபத்து இல்லை. கல் உப்பில் மண்ணும் தூசியும் இருக்கும், அளவும் பிடிபடாது.

எரிகிறதா? உப்பு கூடினாலும் எரியும், குறைந்தாலும் எரியும். வெறும் தண்ணீர் மூக்கில் ஏறினால் சுரீரென்று இருக்குமே, அது உப்பு போதாததால்தான். சரியான அளவில் கலந்தது கண்ணீர் மாதிரி உறுத்தாமல் போகும்.

இனி கழுவும் முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நீர் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. சலைன் பாட்டிலாக இருந்தால் அதைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் போதும். கொதித்து ஆறிய தண்ணீரில் அலசிய டம்ளரில் ஊற்றி, ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சில் இழுத்துக்கொள்ளுங்கள்.

வாஷ்பேசின் முன்னால் நின்று, இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாயுங்கள். தலையைத் தொங்கப்போட வேண்டாம். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். "க், க், க்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அண்ணத்தின் பின்பகுதி மேலே எழும்பித் தொண்டைப் பாதையை மறைக்கும். நீர் தொண்டைக்குள் பாயாது. சிரிஞ்ச் முனையை மூக்கு ஓட்டைக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நுழைக்காதீர்கள். முனை நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது. அதே பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வேண்டும். வாசல்கள் திறந்திருப்பது அந்தப் பக்கம்தான். மெதுவாக, சீராக அழுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு சிரிஞ்ச், அதாவது 120 மி.லி.; மறுபக்கத்துக்கும் அவ்வளவே. நடுவில் பேசாதீர்கள், எச்சில் விழுங்காதீர்கள். விழுங்கினால் காதுக்குழாய் திறந்து காது அடைத்துக்கொள்ளும்.

முதல் இரண்டு நாள் ஊற்றிய நீர் ஊற்றிய பக்கமே திரும்பி வரும். உள்ளே அடைத்திருப்பதால் அப்படி. அழுத்தத்தைக் கூட்டி உடைக்கப் பார்க்காதீர்கள். நாலைந்து நாளில் வழி திறந்து மறுபக்கம் வரும். வருவதும் மாறிக்கொண்டே போகும்: முதலில் இளஞ்சிவப்பு நீர், பிறகு பழைய ரத்தக் கட்டி, இரண்டாம் வாரம் பச்சையும் பழுப்புமான ரப்பர் துண்டு மாதிரி ஒன்று. சில சமயம் அது விரல் நீளத்துக்கு, சைனஸ் உட்புறத்தின் அச்சுப்போல வளைந்தே வந்து விழும். பயந்துவிடாதீர்கள், அது வெளியே வரத்தான் இவ்வளவு பாடும். பாதி வெளியே தொங்குவதை மட்டும் விரலால் இழுக்கவே கூடாது. மறுமுனை புண்ணில் ஒட்டியிருந்தால் ரத்தம் கொட்டும். இன்னொரு தடவை கழுவுங்கள், தானாக விழும்.

முடித்ததும் முன்பக்கம் சாய்ந்தே அரை நிமிடம் நில்லுங்கள். தலையை வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை சாய்த்து வடிய விடுங்கள். சிந்தாதீர்கள். சைனஸுக்குள் தங்கிய நீர் ஒரு மணி நேரம் கழித்து, சாப்பிட உட்காரும்போது பொலபொலவென்று ஊற்றுவதும் உண்டு. அதனால் படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுக் கழுவுங்கள்.

சிரிஞ்சையும் பாட்டிலையும் ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, கவிழ்த்து உலர விடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் கிருமி அதில் குடியேறி, கழுவும் ஒவ்வொரு தடவையும் மூக்குக்குள் போகும். சிரிஞ்சை வாரம் ஒன்று மாற்றுங்கள். பாட்டிலை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. சதை வளர்ச்சி இருந்தவர்களுக்குச் சில டாக்டர்கள் இந்த நீரில் புடசோனைட் மருந்தைக் கலக்கச் சொல்வார்கள். அவர்கள் எழுதினால் மட்டும், எழுதிய அளவில் மட்டும்.

ஜல நேத்தி பழகியவர்களுக்குக் கழுவுவது சுலபமாக வரும். ஆனால் அதற்குப் பிறகு செய்யும் கபாலபாத்தியும் பஸ்திரிகாவும் மூக்கு சிந்துவதற்குச் சமம். நான்கு வாரம் ஆகட்டும், டாக்டரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

பேக் எடுக்கும் நாளும் சுத்தம் செய்யும் நாளும்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பேக் எடுக்கும்போது தலை சுற்றி விழுந்தவர்களில் பலர் சாப்பிடாமல் வந்தவர்கள். போவதற்கு 45 நிமிடம் முன்பு ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு பேக்கை முதலில் சலைன் விட்டு ஊற வைத்து இழுப்பார்கள். சில நொடி வேலைதான், கண்ணில் நீர் தாரையாக வரும், ரத்தமும் சில நிமிடம் வந்து நிற்கும். சிலிக்கான் தகடு பெரும்பாலும் 5 முதல் 7 நாளில் எடுப்பது. ஒரு தையலை வெட்டிவிட்டுச் சறுக்கி எடுப்பார்கள். எடுத்த கணமே காற்று ஜில்லென்று உள்ளே போகும். வாரக்கணக்கில் மறந்துபோன சுகம் அது. அந்த உற்சாகத்தில் மூக்கைச் சிந்திவிடாதீர்கள்.

சைனஸுக்குள் பொருக்கை எடுத்துச் சுத்தம் செய்வது ஏறக்குறைய முதல் வாரம், பிறகு இரண்டு மூன்று வாரத்தில், பிறகு ஆறாம் வாரம் என்று நடக்கும். இடைவெளி டாக்டருக்கு டாக்டர் மாறும். "இப்பதான் நல்லா மூச்சு வருதே" என்று இரண்டாம் தடவைக்குப் போகாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். தழும்புப் பாலம் வளரும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இளசாக இருக்கையில் டாக்டர் ஒரு தொடுதலில் பிரித்துவிடுவார். மூன்று மாதம் ஆகி முற்றிவிட்டால் மறுபடி ஆபரேஷன் அறைக்குத்தான் போக வேண்டும்.

வீட்டு வைத்தியம் வேண்டாம்

சளிக்கு நாம் காலங்காலமாகச் செய்கிற பலவும், புதிதாக ஆபரேஷன் ஆன மூக்குக்கு ஆகாது. நொச்சி இலையோ விக்ஸோ போட்டு ஆவி பிடிப்பதும், கொதிக்கும் வெந்நீரில் தலைக்குக் குளிப்பதும் ரத்தக் குழாய்களை விரித்துக் கசிவை உண்டாக்கும். உள்தோல் மரத்திருப்பதால் ஆவி சுட்டாலும் உறைக்காது. மஞ்சள் கொம்பைச் சுட்டு முகர்வது புகைதான். மூக்கில் எண்ணெய் விடுவது பொருக்கை எண்ணெய்ப் பசையாக்கிக் கழுவ முடியாமல் செய்யும். எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியாவே வரலாம். மூக்கடைப்புக்குக் கடையில் கிடைக்கும் நாசிவியான், ஒட்ரிவின் போன்ற சொட்டு மருந்தையும் டாக்டர் சொன்ன நாளுக்கு மேல், பொதுவாக மூன்று நாளுக்கு மேல் விடாதீர்கள். பிறகு மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

மூக்குத்தியை ஆபரேஷனுக்கு முன் கழற்றியிருப்பார்கள். வீக்கம் வடிந்து, தகடும் எடுத்து, டாக்டர் சரி என்றபின் போடலாம்.

ரத்தம் வந்தால்

முதல் வாரம் சிறு கசிவு இயல்பு. திடீரென்று சிவப்பாகச் சொட்டத் தொடங்கினால், உட்கார்ந்து முன்னால் சாயுங்கள். அண்ணாந்து படுக்காதீர்கள். வாய்க்கு வருவதைத் துப்புங்கள். விழுங்கினால் எவ்வளவு போனது என்றே தெரியாது. ரத்தம் நிற்க டாக்டர் கொடுத்த ஸ்ப்ரே இருந்தால் இரண்டு தடவை அடித்துவிட்டு, மூக்கின் மெத்தென்ற முன்பகுதியை இரு விரலால் 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நின்றதா என்று விட்டுப் பார்த்தால் உறைந்ததெல்லாம் கலைந்துபோகும். நிற்காவிட்டால் இன்னொரு 10 நிமிடம். அதற்கும் நிற்காவிட்டாலும், தொண்டை வழியாக ஓடிக்கொண்டே இருந்தாலும், காஸ் துணி கால் மணிக்கு ஒன்று வீதம் முழுக்க நனைந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தமிழ்நாட்டில் 108. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இப்படி ஒரு பெரிய கசிவு வருவது சிலருக்கு உண்டு. அதனால் அந்த நாட்களில் வெளியூர்க் கல்யாணம் எதுவும் வேண்டாம்.

ரத்தத்தைத் தவிர வேறு சில அறிகுறிகளுக்கும் அன்றைக்கே, ராத்திரியானாலும் போக வேண்டும்.

கண்: பார்வை மங்கல், எல்லாம் இரண்டாகத் தெரிவது, கண் முன்னால் பிதுங்குவது, கண்ணைச் சுற்றி வீக்கம் கூடிக்கொண்டே போவது. இதில் மணிக்கணக்குகூட முக்கியம்.

தண்ணீர்: ஒரே பக்க மூக்கிலிருந்து பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவாகச் சொட்டுவது, குனிந்தால் கூடுவது, தொண்டையில் உப்புக் கரிப்பது. கழுவிய நீர் வடிவதும் இப்படித்தான் இருக்கும் என்பதால், கழுவி மூன்று நான்கு மணி நேரம் ஆகியும் சொட்டுகிறதா என்று பாருங்கள். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிந்தால் இப்படி வரும். அதோடு கடும் தலைவலி, காய்ச்சல், கழுத்தை மடக்க முடியாத விறைப்பு சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

நடுத்தண்டு ஆபரேஷன் ஆனவர்களுக்கு: குறைந்துகொண்டிருந்த அடைப்பு திடீரென இருபக்கமும் முழுதாகி, மூக்கு விண்விண்ணென்று வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். இரண்டு மூன்று நாள் விட்டால் குருத்தெலும்பு அழுகி மூக்குத் தண்டு உள்வாங்கிவிடும்.

பேக் இருக்கும்போதே கடும் காய்ச்சல், வாந்தி, உடம்பில் செந்தடிப்பு வந்தால் அதுவும் அவசரம்.

வேலை, பயணம்

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு வாரத்தில் திரும்பலாம்; மில், கட்டட வேலை, சுமை தூக்குவது என்றால் மூன்று வாரம். தூசியில் வேலை செய்பவர்கள் அதற்குப் பிறகும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். நடைப்பயிற்சி முதல் வாரமே மெதுவாகச் செய்யலாம். ஓட்டமும் ஜிம்மும் மூன்று நான்கு வாரம் கழித்து. நீச்சல் டாக்டர் பார்த்துச் சொன்னபிறகு மட்டும். விமானத்தில் இரண்டு வாரம் ஏறாமலிருப்பது நல்லது, காற்றழுத்தம் மாறும்போது வலியும் கசிவும் வரும். குறட்டை நோய்க்காக இரவில் சிபாப் மெஷின் போடுகிறவர்கள், எப்போது மறுபடி போடலாம் என்று கேட்காமல் போடாதீர்கள்.

மெதுவாகத் திரும்புபவை

வாசனை முதல் மாதம் தெரியாமலே இருக்கலாம். வீக்கம் வடிய வடிய, ஆறு எட்டு வாரத்தில் காபி வாசனையோ மல்லிகையோ முதலில் எட்டிப் பார்க்கும். வாசனை வராத நாட்களில் கேஸ் கசிந்தாலும் தெரியாது என்பதால், அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடினோமா என்று வேறொருவர் பார்க்கட்டும். நடுத்தண்டு ஆபரேஷனுக்குப் பின் மேல்வரிசை முன்பல்லும் ஈறும் மரத்த மாதிரி இருப்பது உண்டு. அண்ணத்துக்குப் போகும் சின்ன நரம்பு இழுபட்டதால் அப்படி. சில வாரம் முதல் சில மாதத்தில் சரியாகும்.

பொருக்கு வருவது ஆறு வாரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். உள்தோல் முழுதாகப் பழைய நிலைக்கு வர மூன்று மாதம் ஆகும். அலர்ஜியும் சதை வளர்ச்சியும் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே நீண்ட நாள் தொடரும். ஆபரேஷன் வழியைத் திறந்துவிட்டதே தவிர அலர்ஜியை எடுக்கவில்லை. ஸ்ப்ரேயை மூக்கு கழுவிக் கால் மணி நேரம் கழித்து அடியுங்கள். வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் பிடித்தால் முனை தானாக வெளிப்பக்கம் திரும்பும். நடுத்தண்டைப் பார்த்து அடித்தால் அங்கே தோல் வறண்டு ரத்தம் கசியும். அடித்ததும் ஓங்கி உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும். மெல்ல மூச்சிழுத்தால் போதும்.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் வரும், பலர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். பூஞ்சை இருக்கிறதா, எந்த வகை அலர்ஜிச் சதை என்பது அதில்தான் இருக்கும். அடுத்த ஒரு வருட மருந்தே அதை வைத்துத்தான் முடிவாகும். ரிப்போர்ட், சி.டி. ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சுருக்கம் மூன்றையும் ஒரே கவரில் போட்டு, ஊர் மாறினாலும் கையோடு கொண்டுபோங்கள்.